இகெபானாவில் கோணம்: மூலை, சாய்வு, மடிப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானிய மலரமைப்புக் கலையான இகெபானாவைச் சமனற்ற முக்கோணமாக விளக்குவது பரவலான வழக்கம். மிஷோ பள்ளியின் செதில் வடிவம், சோகெட்ஸு பள்ளியின் பாகை அளவுகள், தற்கால ஆக்கங்களில் காணப்படும் மடித்த தண்டுகள் ஆகியவற்றை ஆராயும் இக்கட்டுரை, 'கோணம்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று பொருந்தாத மூன்று கருத்துகள் புழங்குவதைக் காட்டுகிறது. முக்கோண விளக்கம் அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: இகெபானா, மலரமைப்பு, கோணம், சாய்வு, செதில் வடிவம், சோகெட்ஸு.

முன்னுரை

இகெபானாவை அறிமுகப்படுத்தும் நூல்கள் பெரும்பாலும் ஒரு முக்கோணத்தோடு தொடங்குகின்றன. நீண்ட கிளை ஒன்று, இடைப்பட்டது ஒன்று, குறுகியது ஒன்று. மூன்றின் நுனிகளையும் புள்ளிக்கோட்டால் இணைத்தால் பக்கங்கள் சமனற்ற முக்கோணம் கிடைக்கிறது. விண், மண், மனிதன் என்ற விளக்கம் அதற்கு அடியிலேயே இடம்பெறும். மேலைநாட்டு மலரமைப்புக் கையேடுகளிலும் முக்கோணம் உண்டு. செங்கோண வடிவம் உண்டு. 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் பெயரால் வழங்கும் இரட்டை வளைவும் உண்டு. அவ்வரிசையில் இகெபானாவும் ஒரு வடிவமாகச் சேர்க்கப்பட்டுவிடுகிறது. வகைப்படுத்துவோருக்கு இது வசதியானது. ஆயினும் மேலை மரபின் முக்கோணமும் ஜப்பானிய முக்கோணமும் ஒரே பொருள் அல்ல என்பது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவுடன் புலப்படும். முன்னதில் உயரமான தண்டும் பக்கத் தண்டுகளும் எல்லையை வரைகின்றன. எல்லைக்குள் மலர்கள் நிரப்பப்படுகின்றன. பின்னதில் எல்லை என்று எதுவும் வரையப்படுவதில்லை. நுனிகளுக்கு இடைப்பட்ட இடம் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படுகிறது. பார்வையாளர் மனத்துக்குள் இழுத்துக்கொள்ளும் கோடுகளே அம்முக்கோணத்தின் பக்கங்கள்.

அப்படியானால் இகெபானாவின் கோணத்தன்மை எங்கே இருக்கிறது? இக்கேள்விக்குத் தமிழ்ச் சொல்வழக்கே ஒரு கருவியைத் தருகிறது. தமிழில் 'கோணம்' என்பது இரு கோடுகள் கூடும் மூலையையும் குறிக்கிறது, அவற்றுக்கு இடையிலான விரிவின் அளவையும் குறிக்கிறது. 'கோணல்' என்றாலோ நேர்மையிலிருந்து விலகிய நிலை. முதலாவது வடிவம் பற்றியது. இரண்டாவது அளவு பற்றியது. மூன்றாவது ஒரு பொருளுக்கு நேர்ந்தது பற்றியது. இம்மூன்றையும் முறையே மூலை, சாய்வு, மடிப்பு எனப் பிரித்துக்கொண்டால், இகெபானா வரலாற்றின் மூன்று வேறுபட்ட கட்டங்கள் தனித்தனியே தெரியவருகின்றன.

மூலை: மிஷோ பள்ளியின் செதில் வடிவம்

இகெபானா பள்ளிகளுள் மிகப் பழமையான இக்கெனோபோ, கியோட்டோ நகரின் ரொக்காக்குதோ கோயிலைச் சார்ந்தது. ரொக்காக்கு என்பதற்கு ஆறுகோணம் என்று பொருள். கோயிலின் மண்டபம் அறுகோண வடிவினது. இதில் குறியீட்டுப் பொருளைத் தேட வேண்டியதில்லை. இங்குப் பிறந்த கலையின் தொடக்ககால அமைப்புகளில் கோணக் கணக்கு முதன்மை பெறவில்லை. இக்கெனோபோ சென்கேய் 1462இல் அமைத்த மலர்களைக் காணக் கியோட்டோ மக்கள் திரண்டதாக டோஃபுகுஜி மடத்துத் துறவி ஒருவரின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. பின்னர் வளர்ந்த ரிக்கா என்னும் நின்ற அமைப்பு, ஏழாகவும் பின்னர் ஒன்பதாகவும் பெயரிடப்பட்ட உறுப்புகளைக் கொண்டது. அது மலைநிலத்தின் சுருக்கமாகக் கருதப்பட்டது. உறுப்புகளுக்கு இடம் உண்டு, திசை உண்டு. அவை சேர்ந்து ஒரு வடிவியல் உருவை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வடிவியல் தெளிவாக நுழைவது எதோ காலத்தின் பிற்பகுதியில். வீட்டு மாடத்தில் வைக்கத்தக்க எளிய மூன்று கிளை அமைப்பான செய்கா பரவியபின், 1807இல் மிஷோசாய் இப்போ என்பவர் ஒசாகாவில் மிஷோ பள்ளியை நிறுவினார். அவருடைய கோட்பாடு பழைய சீனக் கருத்தொன்றில் தொடங்குகிறது: விண் வட்டம், மண் சதுரம். வட்டத்துக்குள் சதுரத்தை வரைந்து, சதுரத்தை மூலைவிட்டத்தின் வழியே இரண்டாக வெட்டினால் இருசமபக்கச் செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் கர்ணம் வட்டத்தின் விட்டமாகவே அமையும். இம்முக்கோணத்துக்கு உரோகோ, அதாவது செதில், என்று பெயர். முக்கோணங்களை அடுக்கிய துணிக்கோலத்துக்கும் ஜப்பானில் இதே பெயர்தான் வழங்குகிறது; தோஜோஜி நோ நாடகத்தில் பாம்பாக மாறும் பெண்ணின் ஆடையில் அது காணப்படும். மிஷோ பள்ளியிலோ அச்சொல் அண்டத்தின் பாதியைச் சுட்டுகிறது. தாய், யோ, தொமே எனப்படும் மூன்று கிளைகளின் நுனிகள் அதன் மூன்று மூலைகளில் நிற்க வேண்டும். முக்கோணம் நிமிர்ந்தும் அமையலாம், கிடையாகவும் அமையலாம். மூலைகளின் அளவு மட்டும் மாறாது.

எனவே முக்கோண விளக்கம் முற்றிலும் மேலை நாட்டார் கற்பனை என்று ஒதுக்குவது பொருந்தாது. ஜப்பானுக்குள்ளேயே, பட்டறிவிலிருந்து அன்றித் தத்துவத்திலிருந்து பெறப்பட்ட ஒரு முக்கோணம் இருந்திருக்கிறது. அது சமனற்றது அன்று. இரு பக்கம் சமமானது. 'சமனற்ற முக்கோணம்' என்று பொதுமைப்படுத்துவோர் இந்த ஒரு வேறுபாட்டையேனும் கவனித்திருக்கலாம்.

மிஷோ என்ற பெயருக்குப் 'பிறவாத நிலை' என்று பொருள். செடி முளைப்பதற்கு முன்பே அதன் வடிவம் இருக்கிறது என்ற நம்பிக்கையை அப்பெயர் ஏந்தி நிற்பதாகக் கொள்ளலாம். அந்நம்பிக்கையின் விலையைக் கிளைகள் தருகின்றன. இயற்கையில் எந்தக் கிளையும் செதிலின் மூலைக்குச் சரியாக வளர்வதில்லை. ஆகவே விரல்களால் சிறிது சிறிதாக அழுத்தி வளைக்கும் 'தமேரு' என்னும் உத்தி இன்றியமையாததாகிறது. வளைத்த கிளைகளைக் கவைக்குச்சியான குபாரி கலத்தின் வாய்க்குள் இறுகப் பற்றிக்கொள்ளும். தண்டுகள் அனைத்தும் நீர்விளிம்பில் ஒரே தண்டுபோல் எழுந்து மேலே பிரியும். வளைத்த கை தெரியக்கூடாது என்பதே இவ்வேலையின் முதல் விதி. முக்கோணம் முன்கூட்டியே முடிவாகியிருக்க, செடி தானாகவே அதற்குள் வளர்ந்ததுபோல் தோன்ற வேண்டும். கோட்பாட்டின் கடுமைக்கும் தோற்றத்தின் இயல்புக்கும் இடையிலான இந்த இறுக்கத்திலேயே நல்ல செய்கா அமைப்பின் அழகு பிறக்கிறது. இறுக்கம் தளர்ந்த இடத்தில் வாய்பாடு மட்டுமே மிஞ்சுகிறது.

சாய்வு: பாகைக்கு வந்த கலை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒஹாரா உன்ஷின் மொரிபானா வகையை உருவாக்கினார். ஆழமற்ற அகன்ற கலம், அதில் பரந்து நிற்கும் மலர்கள்: மேலை மலர்வகைகள் ஜப்பானுக்குள் வந்த காலத்துக்கு இவ்வமைப்பு ஏற்றதாக இருந்தது. இவ்வகையோடு பரவலான கென்ஸான் என்னும் ஊசித்தட்டு, இகெபானாவின் வடிவியலைப் பெரிதும் மாற்றிய கருவி. விமரிசகர்கள் அதற்குப் போதிய இடம் தந்ததில்லை. குபாரி தண்டுகளைக் கட்டாக இறுக்கிப் பிடிப்பது. கென்ஸானோ ஒவ்வொரு தண்டையும் தனித்தனியே ஏற்கிறது. மரக்கிளையின் அடியைச் சரிவாக வெட்டி, முதலில் ஊசிகளில் நேராக ஊன்றி, பிறகு வேண்டிய திசையில் சாய்க்கிறார்கள். அவ்வாறு சாயும் கிளைக்கு உறுதியான ஓர் அடிப்புள்ளி கிடைக்கிறது. அடிப்புள்ளி கிடைத்தால் அதிலிருந்து சாய்வை அளக்க முடியும்.

அளந்தவர் தெஷிகஹாரா சோஃபு (1900–1979). தந்தையும் மலரமைப்பு ஆசிரியரே. மரபான போதனையிலிருந்து விலகி 1927இல் சோகெட்ஸு பள்ளியைத் தொடங்கிய சோஃபு, 1930களின் தொடக்கத்தில் தோட்டக்கலைஞர் ஷிகெமோரி மிரெய் முன்னெடுத்த புதிய இகெபானா அறிக்கை இயக்கத்திலும் பங்குகொண்டார். நிலைத்துப்போன வடிவங்களை மறுப்பது அவ்வியக்கத்தின் உயிர்நாடி. அத்தகையவர் நிறுவிய பள்ளியின் முதற்பாடம் எண்களால் ஆனது என்பது முதல் நோக்கில் முரணாகவே படும்.

அவ்வெண்கள் வருமாறு. முதன்மைக் கிளையான ஷின்னின் நீளம், கலத்தின் விட்டத்தையும் உயரத்தையும் கூட்டிய தொகையைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. சொயே, ஷின்னில் முக்கால். ஹிகாயே, சொயேயில் முக்கால். கலம் 30 செ.மீ. விட்டமும் 6 செ.மீ. உயரமும் உடையதானால், ஒன்றரை மடங்கு என்ற கணக்கில் ஷின் 54 செ.மீ., சொயே ஏறத்தாழ 40 செ.மீ., ஹிகாயே 30 செ.மீ. நிமிர்ந்த அடிப்படை அமைப்பில், கென்ஸானிலிருந்து எழும் செங்குத்துக் கோட்டிலிருந்து ஷின் 15 பாகை இடமுன்னாகவும், சொயே 45 பாகை இடமுன்னாகவும், ஹிகாயே 75 பாகை வலமுன்னாகவும் சாய வேண்டும். சாய்ந்த அடிப்படை அமைப்பில் ஷின்னும் சொயேயும் தம் பாகைகளை மாற்றிக்கொள்கின்றன; ஹிகாயே 75இலேயே நிற்கிறது. பாடநூலின் வரைபடங்களில் ஷின்னுக்கு வட்டமும் சொயேக்குச் சதுரமும் ஹிகாயேக்கு முக்கோணமும் அடையாளக் குறிகள். மிஷோ பள்ளியில் அண்டத்தை உணர்த்திய வட்டமும் சதுரமும் அவற்றிலிருந்து வெட்டியெடுத்த முக்கோணமும் இங்கே வெறும் குறிகளாக இறங்கியிருக்கின்றன. இது திட்டமிட்ட மறுமொழி என்று கொள்ளச் சான்றில்லை. ஆயினும் இரு பள்ளிகளுக்கும் இடைப்பட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் நிகழ்ந்த மனமாற்றத்துக்கு இதைவிடச் சுருக்கமான படம் கிடைப்பது அரிது.

இங்குக் கவனிக்க வேண்டியது, அளக்கப்படுவது கிளைகளுக்கு இடைப்பட்ட மூலை அன்று என்பதே. ஒவ்வொரு கிளையும் செங்குத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது மட்டுமே அளக்கப்படுகிறது. இருக்கும் பொருளுக்கும் இல்லாத ஒரு கோட்டுக்கும் இடையிலான தொடர்பு அது. இல்லாத அக்கோடே அமைப்பின் அச்சு. நிமிர்ந்த அமைப்பில் எக்கிளையும் அதன்மேல் நிற்பதில்லை. முற்றிலும் நிமிர்ந்த தண்டு நடப்பட்ட கோல்போலத் தோன்றும். 15 பாகை சாய்ந்தது வளர்கிறது என்ற உணர்வைத் தரும். 75 பாகை சாய்ந்த ஹிகாயே நீர்ப்பரப்பைத் தொடாமல் அதன்மீது தாழ்ந்து ஓடுகிறது. எழுச்சி, சாய்வு, தாழ்வு என்ற மூன்று நிலைகளும் முப்பது முப்பது பாகை இடைவெளியில் அமைகின்றன.

முக்கோண விளக்கத்தின் குறை இவ்விடத்தில் அளவிட்டே காட்டத்தக்கது. மூன்று கிளைகளும் பக்கவாட்டில் மட்டுமன்றி முன்னோக்கியும் சாய்கின்றன. ஒரு கிளை பக்கத்துக்கும் முன்புறத்துக்கும் சரிநடுவே 45 பாகை சாய்ந்தால், நேர்முன் நின்று பார்ப்பவருக்கு அச்சாய்வு ஏறத்தாழ 35 பாகையாகவே தெரியும். 15 பாகை 11 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும், 75 பாகை 69 பாகை அளவிலும் தோன்றும். ஒளிப்படத்தில் கோடிழுத்து வரையும் முக்கோணம் அமைப்பாளர் அமைத்தது அன்று. ஒளிப்படக் கருவி தட்டையாக்கித் தந்த வீழல். சோகெட்ஸு வரைபடங்கள் முன்தோற்றத்தோடு மேல்தோற்றத்தையும் சேர்த்தே தருவது இதனால்தான். முன்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முக்கோணம் என்று பெயரிடுவது, வீட்டின் முகப்பைப் பார்த்துவிட்டு அறைகளின் எண்ணிக்கையைச் சொல்வது போன்றது.

இன்னொரு சான்று பாடநூலுக்குள்ளேயே இருக்கிறது. அடிப்படை அமைப்புகளுக்குப்பின் வரும் மாறுபாடுகளுள் ஒன்று சொயேயை முற்றிலும் நீக்கிவிடுகிறது. இரண்டு முதன்மைக் கிளைகளே எஞ்சுகின்றன. இரு நுனிகளை இணைத்தால் கோடு கிடைக்கும், முக்கோணம் கிடைக்காது. ஆயினும் பள்ளி அதை அடிப்படைப் பாடத்தின் ஒழுங்கான வளர்ச்சியாகவே கற்பிக்கிறது. முக்கோணம் அமைப்பின் இலக்கணமாக இருந்திருந்தால் இம்மாறுபாடு பிழையாகியிருக்கும். இலக்கணம் சாய்வில் இருப்பதனாலேயே அது பிழையாகவில்லை.

இனி, மரபை மறுத்தவர் ஏன் எண்ணைப் பற்றினார் என்ற கேள்விக்கு வரலாம். வடிவத்தை எண்ணாக மாற்றுவது, அதைக் குருவின் கண்ணிலிருந்து பிரித்தெடுப்பதாகும். வாய்மொழியாலும் கைத்திருத்தத்தாலும் மட்டுமே கடத்தத்தக்கதாக இருந்த ஒன்று, அச்சிட்ட பக்கத்தில் யாரும் படித்துச் செய்யத்தக்கதாகிறது. எவரும், எங்கும், எப்போதும் மலரமைக்கலாம் என்பது சோகெட்ஸுவின் முழக்கம். 15, 45, 75 என்ற எண்கள் இல்லாமல் அம்முழக்கம் நடைமுறைக்கு வந்திருக்க இயலாது. ஆக, மிஷோவின் முக்கோணமும் சோகெட்ஸுவின் பாகையும் ஒரே வடிவியல் மனப்பான்மையின் இரு தோற்றங்கள் அல்ல. முன்னது அடைய வேண்டிய முடிவு. பின்னது கைவிடப்பட வேண்டிய தொடக்கம். கற்றவர் எண்களை விட்டுக் கட்டற்ற அமைப்புக்குச் செல்வார் என்ற எதிர்பார்ப்பு பாடத்திட்டத்திலேயே அடங்கியிருக்கிறது. எண்களைக் கடந்து செல்லாத மாணவர்களின் அமைப்புகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதும் உண்மையே. ஆயின் அது கோணத்தின் குறையன்று. ஏணியிலேயே குடியிருப்போரின் குறை.

கோட்டுப்படத்தின் பங்கு

இகெபானா மேலை உலகுக்கு அறிமுகமான விதமும் முக்கோண விளக்கம் வேரூன்ற உதவியிருக்கிறது. ஆங்கிலத்தில் இக்கலையை விரிவாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவரான ஜோசையா காண்டர், தொழிலால் கட்டடக் கலைஞர். 1877இல் ஜப்பானுக்கு வந்து கட்டடக்கலை கற்பித்தவர். டோக்கியோவின் ரொகுமெய்கான் மாளிகையை வடிவமைத்தவர். ஜப்பானிய மலர்களையும் மலரமைப்பையும் பற்றிய அவருடைய நூல் 1891இல் வெளிவந்தது. வரைபலகைப் பயிற்சி பெற்றவர் ஒரு கிளையைப் பார்க்கும்போது முதலில் கோட்டைக் காண்பது இயல்பு. மலரின் நிறத்திலும் திரளிலும் மட்டுமே பழகிய வாசகர்களுக்குக் கிளையின் கோட்டை மதிக்கக் கற்றுக்கொடுத்தது அவருடைய பெரும்பணி. அதே வேளையில் தாளில் கோடாக மாறிய கிளை தன் ஆழத்தை இழந்தது. பின்வந்த கையேடுகள் அத்தட்டைத்தன்மையை மட்டும் பெற்றுக்கொண்டன. காண்டரின் பொறுமையைப் பெறவில்லை.

மடிப்பு: கை தெரியும் கோணம்

தற்கால இகெபானாக் காட்சிகளில் கூர்மையான கோணங்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. டொகுசா எனப்படும் குதிரைவால் புல்லும், ஃபுதோய் எனப்படும் கோரையும் இதற்கென்றே பிறந்தவைபோல் பயன்படுகின்றன. டொகுசா என்ற பெயர் தேய்ப்புப்புல் என்று பொருள்படும். மரத்தைத் தேய்த்து மெருகேற்ற உதவும் சொரசொரப்பான தண்டு அது. உள்ளே கூடாக இருப்பதால் மடக்கிய இடத்தில் நசுங்கி முனைகொள்ளும். கோரையின் மென்மையான உட்சோறும் அவ்வாறே இடங்கொடுக்கும். உள்ளே கம்பி செலுத்தினால் விரும்பிய கோணம் அப்படியே நிற்கும். ஒரே தண்டை இரண்டு இடங்களில் மடித்து முக்கோணம் செய்யலாம். பலவற்றை அடுக்கி மின்னல்போல் கோட்டை ஓடவிடலாம்.

இக்கோணம் முன்னைய இரண்டிலிருந்தும் அடிப்படையில் வேறுபட்டது. செதில் வடிவத்தில் மூலை வெற்றிடத்தில் இருந்தது. சோகெட்ஸுவின் அடிப்படையில் கோணம் ஒரு கற்பனைக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டது. மடித்த தண்டிலோ கோணம் செடியின் உடலிலேயே இருக்கிறது. தமேரு உத்தியில் வளைத்த கை மறைய வேண்டும். மடிப்பில் கையே காட்சிப்பொருள். வளைவு, கிளைக்கு அதன் இயல்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. மடிப்பு அப்படித் தருவதில்லை; மடித்த தண்டு மீண்டும் நேராவதும் இல்லை.

இதனால் மடிப்பை இகெபானாவுக்குப் புறம்பானது என்று தள்ளுவது எளிது. மரபுவழி நின்று அவ்வாறு தள்ளுவோரும் உண்டு. ஆனால் வெட்டிய கிளையை இயற்கையின் நீட்சி என்று கருதுவதே ஒரு புனைவு. கத்தரி பட்ட நொடியிலேயே கை நுழைந்துவிட்டது. மடிப்பு அதை ஒப்புக்கொள்கிறது. இவ்வகையில் மடித்த ஒற்றைக் கோரை, நேராக நிற்கும் பத்துத் தண்டுகளுக்கு நடுவே, காற்றில் முறிந்த நாணலின் நினைவையும் மனிதக் கையின் முடிவையும் ஒருசேரத் தர வல்லது. அங்கே கோணம் ஒரு நிகழ்ச்சி. இருபது தண்டுகளும் ஒரே அளவில் மடிக்கப்பட்டு அடுக்கப்படும்போது நிகழ்ச்சி கோலமாகிறது; தண்டுக்கும் கம்பிக்கும் வேறுபாடு மறைகிறது. பச்சைநிறம் பூசிய கம்பிகளால் அதே அமைப்பைச் செய்யலாம் என்றால், அங்கே செடிக்கு வேலையில்லை. மடிப்பு செய்யும் ஆக்கங்களை மதிப்பிட இக்கேள்வியே போதுமானது. காட்சிக்கூடங்களில் அண்மைக்காலமாகப் பாராட்டப்படும் பல அமைப்புகள் இக்கேள்வியைத் தாங்கமாட்டா.

சோஃபுவின் பிற்கால ஆக்கங்கள் இதைத் தாங்குகின்றன. இரும்பும் மரவேர்களும் கொண்டு அவர் செய்தவற்றில் கூர்முனைகள் பொருளின் வரலாற்றிலிருந்து வருகின்றன. முறிந்த வேரின் முனை, அது முறிந்ததனால் கூர்மையானது. டோக்கியோவில் கென்ஸோ தாங்கே வடிவமைத்து 1977இல் நிறைவடைந்த சோகெட்ஸு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இசாமு நொகுச்சி அமைத்த படிப்படியான கற்தோட்டமும் கோணங்களால் ஆனதே. வெட்டிய கல்லின் விளிம்புகளுக்கிடையே நீர் ஓடும் அவ்விடத்தில் மலரமைப்புகளைக் காட்சிக்கு வைக்கிறார்கள். கல்லின் கோணம் அங்கே அசையாது நிற்பதால், அருகில் சாயும் கிளையின் கோணம் அசைவதுபோல் தெரிகிறது.

கோணத்தை அறவே விலக்கிய ஆக்கமும் இவ்விவாதத்துக்குள் வரத்தக்கது. 1951இல் இக்கெனோபோவை விட்டு வெளியேறித் தனித்து இயங்கிய நாககாவா யுகியோ (1918–2012), 1973இல் 'ஹனபோஸு' என்னும் ஆக்கத்தைச் செய்தார். நூற்றுக்கணக்கான சிவப்புக் கார்னேஷன் மலர்களைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து, வெள்ளைத்தாள்மீது கவிழ்த்து வைத்தார். அழுகிய இதழ்களின் சாறு குருதிபோல் தாளில் பரவியது. அங்கே கிளை இல்லை, கோடு இல்லை, சாய்வை அளக்க அச்சும் இல்லை. முக்கோணத்தை இகெபானாவின் இலக்கணமாகக் கொள்வோர் இதை மலரமைப்பு என்றே ஏற்க இயலாது. சாய்வை இலக்கணமாகக் கொள்வோருக்கும் இது எளிதில் அடங்குவதன்று. எனினும் கலத்தின் வாயிலிருந்து தாளின்மேல் பரவிச் செல்லும் அந்தச் சிவப்பு, செங்குத்திலிருந்து முழுமையாக விலகி, 90 பாகையில் படுத்துவிட்டது.